கடனும் ஒப்புரவும் ஈகையும்: அயல்நாட்டில் வாழும் ஓய்வூதியர் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

உழைத்து ஓய்ந்த ஒருவர், தம் இறுதிக்காலத்தை எந்த மண்ணில் கழிக்கிறார் என்பது அவருக்குச் சேரவேண்டியதன் அளவை மாற்றுமா? இவ்வினா முதற்பார்வைக்குப் பொருளியலுக்கோ சட்டத்திற்கோ உரியதுபோலத் தோன்றும். ஆயின் இதன் அடியில் மூன்று அறவினாக்கள் புதைந்துள்ளன. முதியவர்க்கு அரசு அளிப்பது யாருடைய பொருள்? அது எதன்பொருட்டு அளிக்கப்படுகிறது? அளிக்கும் கடப்பாடு நாட்டின் எல்லையோடு முடிந்துவிடுகிறதா?

பிரித்தானியா, அமெரிக்கா, செருமனி, பின்லாந்து முதலிய நாடுகளின் ஓய்வூதியர் பலர் இன்று தாய்நாட்டுக்கு வெளியே வாழ்கின்றனர். ஸ்பெயினின் அலிகாந்தே கடற்கரை, போர்ச்சுகலின் அல்கார்வே, மெக்சிகோவின் சப்பாலா ஏரிக்கரை, தாய்லாந்தின் சியாங் மாய் ஆகியன இத்தகைய குடியிருப்புகளால் அறியப்பட்ட இடங்கள். வெயிலையும் மலிவையும் நாடிச் சென்றோர் ஒருபுறம். பிள்ளைகளோடு சேர்ந்து வாழக் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றோர் மறுபுறம். பணிக்காலத்தைப் பிரித்தானியாவில் கழித்துப் பிறந்த மண்ணுக்கே திரும்பிய இந்தியர் முதலானோர் இன்னொருபுறம். இவர்கள் அனைவரையும் 'அயல்நாட்டில் வாழும் ஓய்வூதியர்' என்னும் ஒரே சொல் குறிக்கிறது. ஆயினும் இவர்களுடைய அன்றாடம் ஒன்றன்று. இவர்களின் வாழ்க்கைச் செலவு குறித்த நடைமுறை உண்மைகளை முன்வைத்து, திருக்குறள் தனித்தனி அதிகாரங்களாகப் பிரித்துக்காட்டும் அறங்களின் துணைகொண்டு மேற்கண்ட வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அன்றாடமும் கணக்கும்

அயல்நாட்டு முதுமை மலிவானது என்பது பரவலான எண்ணம். அதனைத் தாய்லாந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். அந்நாட்டில் ஓய்வுக்கால அனுமதி பெற ஐம்பது வயது நிரம்பியிருத்தல் வேண்டும். அந்நாட்டு வங்கியில் 8,00,000 பாட் வைப்பாக இருத்தல் வேண்டும், அல்லது மாத வருமானம் 65,000 பாட்டாக இருத்தல் வேண்டும். 2019ஆம் ஆண்டின் விதிப்படி, வைப்புத்தொகை விண்ணப்பத்திற்கு முன் இரண்டு மாதமும் பின் மூன்று மாதமும் முழுமையாக நிற்கவேண்டும். எஞ்சிய காலத்திலும் 4,00,000 பாட்டுக்குக் கீழே இறங்கலாகாது. முதியவர் ஒருவர் நோயுற்று மருத்துவமனையில் கிடக்கும்போதும் தம் சேமிப்பின் ஒரு பகுதியை அவர் தொட இயலாது என்பதே இதன் பொருள். தொட்டால் தங்கும் உரிமை போய்விடும்.

நாணய மாற்றும் இக்கணக்கில் இடம்பெறுகிறது. 2005ஆம் ஆண்டளவில் ஒரு பவுண்டுக்கு 70 பாட்டுக்கு மேல் கிடைத்தது. 2025இல் 44 பாட் அளவிலேயே கிடைத்தது. 8,00,000 பாட் என்னும் வைப்பு அன்று ஏறத்தாழ 11,400 பவுண்டுக்கு ஈடாக இருந்தது. இருபதாண்டு கழித்து அது 18,000 பவுண்டைக் கடந்துவிட்டது. விதியிலுள்ள எண் மாறவில்லை. முதியவரின் கையிருப்பே சுருங்கியது. 2025 ஏப்ரல் முதல் பிரித்தானியாவின் முழுமையான புதிய அரசு ஓய்வூதியம் வாரத்திற்கு 230.25 பவுண்டாக இருந்தது. இது மாதத்திற்கு ஏறத்தாழ 998 பவுண்டு, அதாவது 44,000 பாட்டுக்குச் சற்றுக் குறைவு. 65,000 பாட் என்னும் வருமான வரம்பை முழு ஓய்வூதியம் பெறுவோரும் அதனைமட்டுங்கொண்டு எட்டவியலாது. ஆகவே 'ஓய்வூதியத்தைக் கொண்டு அரசனைப்போல் வாழலாம்' என்னும் விளம்பர உரை, பிற சேமிப்போ தனியார் ஓய்வூதியமோ உடையவர்க்கே ஓரளவு பொருந்தும்.

மருத்துவம் அடுத்த செலவு. அமெரிக்கக் குடியினர் பெரும்பாலான நாடுகளில் தம் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை ஆண்டுதோறும் உயரும் விலைவாசிப்படியோடு பெறலாம். ஆயின் முதியோர்க்கான மெடிகேர் மருத்துவத் திட்டம் பொதுவாக அமெரிக்காவுக்கு வெளியே செல்லாது. பணம் எல்லை கடக்கும்; மருத்துவம் கடக்காது. அதனால் மெக்சிகோவில் வாழ்வோர் சிலர், பயன்படாத நாள்களுக்கும் சேர்த்து அத்திட்டத்தின் 'பி' பகுதிக்குரிய கட்டணத்தைச் செலுத்திவருகின்றனர். 2025இல் அதன் அடிப்படைக் கட்டணம் மாதத்திற்கு 185 டாலர். அதனை நிறுத்திவிட்டுப் பின்னாளில் மீண்டும் சேர முனைவோர், விடுபட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் பத்து விழுக்காடு கூடுதலாகச் செலுத்த நேரும். தண்டமாகத் தோன்றும் இக்கட்டணம் உண்மையில் திரும்பிவரும் வழியைத் திறந்துவைப்பதற்கான விலையே.

ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் நிலை வேறு. ஒரு நாட்டின் ஓய்வூதியர் மற்றொரு நாட்டில் குடியேறினால், அவருடைய மருத்துவச் செலவை ஓய்வூதியம் வழங்கும் நாடே ஏற்கும் முறை அங்கு உண்டு. பிரித்தானியா 2020ஆம் ஆண்டு ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பின்னரும் அரசு ஓய்வூதியர்க்கு இவ்வேற்பாடு தொடர்கிறது. எனவே அலிகாந்தேயில் வாழும் ஆங்கிலேய முதியவர்க்கு ஓய்வூதிய உயர்வும் உண்டு; மருத்துவமும் உண்டு. சியாங் மாயில் வாழும் அவருடைய பழைய சகபணியாளர்க்கு இரண்டும் இல்லை. இருவரும் ஒரே ஆலையில் ஒரே காலம் உழைத்து ஒரே அளவு பங்களிப்புச் செலுத்தியவர்களாக இருக்கக்கூடும்.

உறைந்த ஓய்வூதியம்

மேற்கண்ட வேறுபாட்டின் கூர்மையான வடிவமே 'உறைந்த ஓய்வூதியம்' எனப்படுவது. பிரித்தானிய அரசு ஓய்வூதியம் உலகின் எப்பகுதியிலும் வழங்கப்படும். ஆயின் ஆண்டுதோறும் அளிக்கப்படும் உயர்வு, ஐரோப்பியப் பொருளியல் பரப்பு, சுவிட்சர்லாந்து ஆகியவற்றிலும், உயர்வுக்கு இடமளிக்கும் உடன்படிக்கை உள்ள நாடுகளிலும் வாழ்வோர்க்கே உரியது. அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், ஜமைக்கா, துருக்கி ஆகியவை அவ்வுடன்படிக்கை நாடுகளுட் சில. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா, இலங்கை, தாய்லாந்து ஆகியவற்றில் வாழ்வோர்க்கு, அவர்கள் முதன்முதலில் பெற்ற தொகையோ குடியேறியபோது பெற்ற தொகையோ அப்படியே நின்றுவிடும். இவ்வாறு பாதிக்கப்பட்டோர் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர்.

எண்களால் இதனை விளக்கலாம். 2000ஆம் ஆண்டில் முழு அடிப்படை ஓய்வூதியம் வாரத்திற்கு 67.50 பவுண்டு. 2025 ஏப்ரலில் அது 176.45 பவுண்டாக உயர்ந்திருந்தது. 2000ஆம் ஆண்டில் கனடாவில் குடியிருந்தவாறே ஓய்வூதியம் பெறத் தொடங்கியவர், கால்நூற்றாண்டுக்குப் பின்னும் அடிப்படை ஓய்வூதியமாக அதே 67.50 பவுண்டையே பெறுவார். தம்மை ஒத்தவர் பெறுவதில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவு இது. நயாகராவின் கிழக்குக்கரையாகிய அமெரிக்க மண்ணில் அவர் வீடு எடுத்திருந்தால் முழுத்தொகையும் கிடைத்திருக்கும். வயது ஏற ஏற உழைக்கும் ஆற்றல் குறையும், மருந்துச் செலவு கூடும், சேமிப்புக் கரையும். பெறும் தொகை மட்டும் தன் மதிப்பில் ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே வரும். இவ்விதி எவர்மீது மிகக் கடுமையாக விழுகிறது என்றால், நீண்ட ஆயுள் பெற்றவர்மீதுதான்.

இவ்விதி நீதிமன்றங்களில் எதிர்க்கப்பட்டது. முழுப் பங்களிப்பும் செலுத்தி, 1989இல் தென்னாப்பிரிக்காவில் குடியேறி, 2000இல் ஓய்வூதியம் பெறத் தொடங்கியவர் தொடுத்த 'கார்சன் வழக்கு' இவற்றுள் முதன்மையானது. 2005இல் பிரபுக்கள் அவையின் நடுவர் ஐவருள் நால்வர் அரசின் பக்கம் தீர்ப்பளித்தனர், ஒருவர் மாறுபட்டார். 2010 மார்ச்சு 16 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு பதினொருவர்க்கு அறுவர் என்னும் பெரும்பான்மையில் அதனை உறுதிசெய்தது. சமூகப் பாதுகாப்பு என்பது அந்தந்த நாட்டில் வாழ்வோர்க்காக அமைந்த முழுமையான கட்டமைப்பு. விலைவாசியும் ஊதியமும் நாணயமதிப்பும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆகவே வெளியே வாழ்வோர் உள்ளே வாழ்வோரோடு ஒப்புநோக்கத்தக்க நிலையில் இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஓர் அரசு எதனைச் செய்யலாம் என்பதற்கு நீதிமன்றம் வரம்பு காட்டும். அது எதனைச் செய்யவேண்டும் என்னும் வினா எஞ்சியே நிற்கும். அறவியல் அங்கிருந்து தொடங்குகிறது.

மூன்று அறநிலைகள்

ஒருவர்க்கு ஒருவர் பொருள் அளிப்பதைத் திருக்குறள் ஒரே அறமாகக் கொள்ளவில்லை என்பது இவ்விடத்து நோக்கத்தக்கது. முன்செய்த உதவிக்கு ஈடாகத் தோன்றும் கடப்பாட்டைச் செய்ந்நன்றி அறிதல் பேசுகிறது. ஊரில் கூடி வாழ்வார் ஒருவர்க்கொருவர் பயன்படுவதை ஒப்புரவறிதல் பேசுகிறது. இல்லாதார்க்கு அவர் இன்மை கருதி அளிப்பதை ஈகை பேசுகிறது. ஒப்புரவும் ஈகையும் அடுத்தடுத்த அதிகாரங்களாயினும் ஒன்றல்ல. முன்னதன் அடிப்படை உறவும் உலகநடையும். பின்னதன் அடிப்படை வறுமை.

ஓய்வூதிய வரலாற்றிலும் இம்மூன்றன் சாயல்களைக் காணலாம். பிரித்தானியாவின 1908ஆம் ஆண்டுச் சட்டம் எழுபது வயது கடந்த வறியவர்க்கு, அவர் வருவாயை ஆராய்ந்து, வாரத்திற்கு ஐந்து ஷில்லிங் வரை அளித்தது. அவரிடம் பங்களிப்பு எதனையும் கேட்கவில்லை. அது ஈகையின் பாற்பட்டது. 1942ஆம் ஆண்டின் பெவரிட்ஜ் அறிக்கையை ஒட்டி 1946இல் இயற்றப்பட்ட தேசியக் காப்பீட்டுச் சட்டம், பங்களிப்புக்கு ஈடாகப் பயன் என்னும் கொள்கையை முன்வைத்தது. அது கடனின் பாற்பட்டது. பெறப்படும் பங்களிப்பு சேமித்து வைக்கப்படாமல், இன்று உழைப்போர் செலுத்துவது இன்றைய முதியோர்க்கே செல்லும் நடைமுறை ஒப்புரவின் பாற்பட்டது. இந்நடைமுறையின் பொருளியல் தருக்கத்தைப் பால் சாமுவேல்சன் 1958இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். ஒரு தலைமுறை முந்தையதைத் தாங்குவது, அடுத்தது தன்னைத் தாங்கும் என்னும் நம்பிக்கையாலேயே நிலைபெறுகிறது.

உயர்வை மறுப்பதற்குக் கூறப்படும் காரணங்களும் இம்மூன்று நிலைகளிலிருந்தே எழுகின்றன. அவற்றைத் தனித்தனியே ஆராயலாம்.

ஈகை நிலை: 'அங்கே மலிவு'

அயல்நாட்டில் வாழ்க்கைச் செலவு குறைவாதலின் உயர்வு வேண்டியதில்லை என்பது முதல் வாதம். தேவையை அளவுகோலாகக் கொள்வதால் இது ஈகை நிலையைச் சார்ந்தது. ஆனால் நடைமுறை இவ்வாதத்தைத் தாங்கவில்லை. செலவு மிக்க சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் உயர்வு உண்டு. செலவு குறைந்த பிலிப்பைன்சிலும் உண்டு. அதன் அண்டைப் பகுதியாகிய தாய்லாந்தில் இல்லை. ஆஸ்திரேலியா மலிவான நாடு என்று எவரும் கூறார், அங்கும் இல்லை. ஆகவே எல்லைக்கோடு உடன்படிக்கைகளின் வழியே செல்கிறதேயன்றித் தேவையின் வழியே செல்லவில்லை. தேவையே அளவுகோல் என்றால் பிரித்தானியாவுக்குள்ளேயும் இலண்டனில் வாழ்பவர்க்கு ஓர் அளவும், சிற்றூரில் வாழ்பவர்க்கு வேறோர் அளவும் தரவேண்டியிருக்கும். அவ்வாறு எவரும் செய்வதில்லை.

மலிவு என்பதும் நிலையானதன்று. இளமையும் உடல்நலமும் உள்ளவரையில் அயல்நாட்டு வாழ்வு மலிவாக இருக்கலாம். எண்பது வயதில் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் உயரும். புதிய காப்பீடு மறுக்கப்படவும் கூடும். தாய்நாட்டில் பொது மருத்துவமும் உள்ளாட்சி உதவியும் தாங்கும் சுமை முழுவதும் அயல்நாட்டில் தனிமனிதரின் பையிலிருந்து செல்லவேண்டும். விலைப்பட்டியலைக் கொண்டு முதுமையின் செலவை அளக்க முற்படுவோர் இதனைக் காணத் தவறுகின்றனர்.

ஒப்புரவு நிலை: 'ஊரில் இல்லாதவர்'

இரண்டாம் வாதம் வலிமை மிக்கது. பொதுநலக் கட்டமைப்பு கூடி வாழ்வோரின் ஏற்பாடு. வெளியேறியவர் அங்கு வரி செலுத்துவதும் குறைவு, அவர் செலவிடும் பணமும் அவ்வூர்ச் சந்தைக்கு வருவதில்லை. எனவே ஏட்டிலுள்ள தொகையை மட்டும் தந்து, வளர்ச்சியின் பங்கை உள்ளூரார்க்கு ஒதுக்குவது முறையே என்பது அதன் போக்கு. பகிர்ந்தளிக்கப்படும் நலங்களுள் உறுப்பினராதலே முதன்மையானது என 1983இல் வெளிவந்த தம் நூலில் மைக்கேல் வால்சர் எடுத்துரைத்த கருத்தும் இதற்குத் துணையாகக் காட்டப்படலாம்.

ஒப்புரவறிதல் அதிகாரம் காட்டும் உவமைகளுள் ஒன்றாகிய ஊருணியைக்கொண்டு இதனைச் சிந்திக்கலாம். ஊருணி ஊரார் உண்ணும் நீர்நிலை. வழிப்போக்கரும் அதில் நீர் அருந்தலாமாயினும், அதனைத் தூர்வாரிக் காப்பவர் ஊரார். ஊரைவிட்டு நீங்கிய ஒருவர், 'எனக்குரிய நீரை நான் வாழும் இடத்திற்குக் கொண்டுவந்து தருக' என்று கேட்பது பொருந்துமா என்னும் வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. குளிர்கால எரிபொருள் உதவி, உள்ளாட்சிப் பராமரிப்பு, வருவாய் ஆராய்ந்து அளிக்கப்படும் துணைத்தொகை ஆகியன இவ்வகையின. அவற்றை எல்லை கடந்து அனுப்பவேண்டும் என்று கோருவதற்கு அறவலிமை குறைவு.

ஆயின் ஊருணியை வெட்டியவரும் அதனைத் தூர்வாரியவரும் யார் என்னும் வினாவும் உடனெழுகிறது. நாற்பதாண்டு மண் சுமந்தவர் முதுமையில் மகள் வாழும் ஊருக்குச் சென்றுவிட்டார் என்பதற்காக, அவர் அந்நீரோடு உள்ள உறவு முற்றும் அறுந்துவிட்டதாகக் கொள்ளவியலாது. அரசும் அவ்வாறு கொள்ளவில்லை என்பதற்கு அதன் விதியே சான்று. உறைந்த ஓய்வூதியம் பெறுபவர் பிரித்தானியாவுக்கு நிலையாகத் திரும்பினால் அவருடைய ஓய்வூதியம் நடப்பு அளவுக்கு உயர்த்தப்படும். சில வாரம் வந்து தங்கினாலும் அவ்வாரங்களுக்கு உயர்ந்த தொகையை அவர் கேட்டுப் பெறலாம். அந்த உரிமை இறந்துவிடவில்லை, உறங்குகிறது. அம்மண்ணில் கால் வைத்ததும் எழுகிறது. விமானம் ஏறியதும் மீண்டும் உறங்கிவிடுகிறது. உரியதன்று என்றால் திரும்பியதும் ஏன் தரவேண்டும்? உரியது என்றால் தொலைவு காரணமாக ஏன் மறுக்கவேண்டும்? ஒப்புரவு வாதத்தால் இவ்விரண்டனுக்கும் ஒருங்கே விடைகூற இயலவில்லை.

வெளியேறியவரால் ஊரார்க்குக் குறையும் சுமையும் கணக்கில் வரவேண்டும். பிரித்தானியாவின் பொது மருத்துவம் அங்கு வழக்கமாகக் குடியிருப்போர்க்கே உரியது. உறைந்த நாடுகளில் குடியேறியவர் முதுமையின் மிகுசெலவு மிக்க ஆண்டுகளை அம்மருத்துவத்திற்கு வெளியே கழிக்கிறார். ஊருணியில் அவர் முகவாத நீரும் அங்கேயே தங்குகிறது.

கடன் நிலை: வாக்கும் அதன் உள்ளடக்கமும்

மூன்றாவது, கடன் நிலை. பங்களிப்புச் செலுத்தினேன், திருப்பித் தருக என்பது ஓய்வூதியர் தரப்பு. இதற்கு எதிராக, தேசியக் காப்பீடு தனியார் சேமிப்பைப் போன்றதன்று; ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு பெட்டி இல்லை; செலுத்தியபொழுதே அன்றைய முதியோர்க்குச் சென்றுவிட்டது எனக் கூறப்படுகிறது. இக்கூற்று உண்மையே. ஆயின் இதிலிருந்து கடன் இல்லை என்னும் முடிவு பிறக்காது. கடனின் இயல்பு வேறு என்பதே பிறக்கும். தமிழில் கடன் என்னும் சொல் வாங்கிய பொருளையும் செய்யவேண்டிய கடமையையும் ஒருங்கே குறிக்கும். வங்கியில் வைத்த பணம் முதற்பொருளில் கடன். முந்தைய தலைமுறையைத் தாங்கியவரைப் பிந்தைய தலைமுறை தாங்குவது இரண்டாம் பொருளில் கடன். முதற்பொருளில் இல்லாதது இரண்டாம் பொருளிலும் இல்லையெனல் சொல்லின் ஒரு பாதியை மறைத்துப் பேசுவதாகும்.

அக்கடனின் உள்ளடக்கம் யாது? 67.50 என்னும் எண்ணா? உழைக்கவியலாத காலத்தில் இவ்வளவு வாழ்வேனும் உறுதி என்னும் வாக்கா? ஆண்டுதோறும் உயர்வளிப்பதன் நோக்கமே, எண்ணைக் காப்பதன்று, எண் வாங்கித்தரும் வாழ்வைக் காப்பது என்பதாகும். விலைவாசி, ஊதிய வளர்ச்சி, இரண்டரை விழுக்காடு ஆகிய மூன்றனுள் மிகுதியானதை ஒட்டி உயர்த்தும் முறையைப் பிரித்தானிய அரசு 2010ஆம் ஆண்டில் அறிவித்ததும் இக்கருத்தினாலேயே. எண்ணைத் தந்துவிட்டு வாழ்வைத் தராமல் விடுவது, வாக்கின் எழுத்தைக் காத்து அதன் பொருளைக் கைவிடுவதாகும்.

'அறிந்தே சென்றனர்' என்னும் மறுப்பும் உண்டு. விதி முன்னரே இருந்தது. சென்றவர் அதனை ஏற்றவரே என்பது இதன் கருத்து. அறிந்திருத்தல் ஒரு விதியை எதிர்பார்க்கத்தக்கதாக ஆக்கும், நேர்மையானதாக ஆக்காது. மேலும் இத்தகைய முடிவுகள் யாவும் விருப்பத்தின் பாற்பட்டன அல்ல. துணையை இழந்தவர் பிள்ளைகள் வாழும் நாட்டுக்குச் செல்வதும், இளமையில் பணிக்காக வந்தவர் முதுமையில் உடன்பிறந்தார் வாழும் ஊருக்குத் திரும்புவதும் வெயிலை நாடிச் செல்வதோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கனவா? பிரித்தானிய மருத்துவமனைகளில் பணிபுரிந்து இந்தியாவுக்குத் திரும்பியோரும் இவ்விதிக்கு உட்பட்டோரே. 2025இல் இந்தியாவும் பிரித்தானியாவும் அறிவித்த இரட்டைப் பங்களிப்பு உடன்பாடு, தற்காலிகமாக அனுப்பப்படும் பணியாளர் மூன்றாண்டு வரை இரு நாட்டிலும் பங்களிப்புச் செலுத்துவதைத் தவிர்ப்பது பற்றியது. ஓய்வூதிய உயர்வு பற்றியதன்று.

மலிவின் மறுபுறம்

இதுவரை அனுப்பும் நாட்டின் கடப்பாடு நோக்கப்பட்டது. ஏற்கும் நாட்டின் தரப்பும் நோக்கப்படவேண்டும். அயல்நாட்டு முதுமையின் மலிவு வானத்திலிருந்து பெய்வதன்று. அது அம்மண்ணில் உழைப்போரின் கூலிக் குறைவு. 2025இல் தாய்லாந்தின் குறைந்தபட்ச நாட்கூலி மாநிலத்திற்கேற்ப 337 முதல் 400 பாட். அதன் மேல்வரம்பும் ஏறத்தாழ ஒன்பது பவுண்டே. அதே ஆண்டில் பிரித்தானியாவில் வயதுவந்தோர்க்கான குறைந்தபட்ச ஊதியம் ஒரு மணிக்கு 12.21 பவுண்டு. ஒருவருடைய ஒரு மணி நேரம் மற்றொருவருடைய ஒரு நாளைவிட விலை மிக்கதாக இருப்பதே இவ்வாழ்முறையின் அடித்தளம்.

மறதிநோயுற்ற ஐரோப்பிய முதியோரைப் பேண, சியாங் மாயில் சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர் 2003இல் ஓர் இல்லம் தொடங்கினார். நோயாளி ஒருவர்க்கு மூவர் மாறிமாறி இரவும் பகலும் துணையிருக்கும் அம்முறை ஐரோப்பாவில் பெருஞ்செல்வர்க்கே கிட்டும். நோயாளிக்கு அது நலமே. பணியாளர்க்கும் அது வேலையே. இதனைச் சுரண்டல் என ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் எளிது, சரியன்று. ஆயினும் அப்பணியாளரின் தாய் முதுமையடையும்போது அவர்க்கு மூவர் கிடைப்பரா என்னும் வினாவை எழுப்பாமல் அம்முறையைப் புகழ்தலும் சரியன்று.

பயனடைவோரின் கடப்பாட்டுக்குப் போர்ச்சுகல் ஓர் எடுத்துக்காட்டு. 2009இல் அந்நாடு அறிமுகப்படுத்திய வரிச்சலுகையால், குடியேறிய ஓய்வூதியர் பலர் தாய்நாட்டிலும் குடியேறிய நாட்டிலும் வரி செலுத்தாத நிலை எழுந்தது. பின்லாந்து 2019 முதலும் சுவீடன் 2022 முதலும் போர்ச்சுகலோடு கொண்டிருந்த வரி உடன்படிக்கையைக் கைவிட்டன. 2020இல் பத்து விழுக்காட்டு வரி விதித்த போர்ச்சுகல், புதியவர்க்கு அத்திட்டத்தை 2024 தொடக்கத்தோடு நிறுத்தியது. இரண்டு ஊருணியிலும் நீர் முகந்து எதனையும் தூர்வாராதவர் ஒப்புரவைக் கோர இயலாது என்பதற்கு இது சான்று. தாய்லாந்து 2019 முதல் ஒருவகை ஓய்வுக்கால விசாவுக்கு மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியதும், 2024 முதல் அங்கு வரி வதிவுரிமை உள்ளோர் கொண்டுவரும் அயல்நாட்டு வருமானத்தை வரிவரம்புக்குள் கொணர்ந்ததும் இவ்வகையில் புரிந்துகொள்ளத்தக்கன.

இங்கு இரு கடப்பாடுகள் ஒன்றையொன்று தொடுகின்றன. உறைந்த ஓய்வூதியம் ஆண்டுதோறும் தேயும்போது அதன் விடுபட்ட பங்கை யாரோ ஒருவர் ஏற்கவேண்டியுள்ளது. கனடாவில் அதனை ஏற்பவர் பிள்ளைகளும் அந்நாட்டு வரி செலுத்துவோரும். வறிய நாட்டில் அதனை ஏற்பவர் கட்டணம் பெறாத மருத்துவமனையும் வாடகையைத் தள்ளிவைக்கும் வீட்டுக்காரரும். செல்வநாடு தன் கடனைத் தன்னினும் வறியவர் தலையில் இறக்கிவைக்கும் இடம் இது. ஆதலின் உயர்வை மறுத்தல் முதியவர்க்கு மட்டுமன்று, அவர் வாழும் ஊர்க்கும் இழைக்கும் பிழையாகிறது.

நிறைவுரை

நரையின்றி இருப்பதன் காரணம் வினவப்பட்டபோது பிசிராந்தையார் கூறிய விடையாகப் புறநானூற்றின் 191ஆம் பாடல் தருவது ஈண்டு நினைக்கத்தக்கது. மனைவி மக்களின் மாண்பு, குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், அல்லவை செய்யாது காக்கும் வேந்தன், சான்றோர் பலர் வாழும் ஊர் ஆகியவற்றையே அவர் காரணங்களாக அடுக்குகிறார். பொருள் அவ்வரிசையில் இல்லை. குடும்பமும் ஆட்சியும் ஊரும் ஒரே இடத்தில் கூடியிருந்த வாழ்வு அது. இன்றைய முதியவர்க்கு இம்மூன்றும் மூன்று நாடுகளில் சிதறிக்கிடத்தல் கூடும். மக்கள் ஒரு நாட்டில், ஓய்வூதியம் வழங்கும் அரசு ஒரு நாட்டில், அன்றாடம் பேசிப் பழகும் அயலார் ஒரு நாட்டில். சிதறியவற்றுள் ஆட்சியின் கடப்பாடு மட்டும் இடத்தோடு பிணைந்தே நிற்கும் என்பது மற்ற இரண்டையும் முதியவர் தம் பொருளை இழந்தே பெறவேண்டும் என்பதாகும்.

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. பங்களிப்பின் வழியே வந்த அடிப்படை ஓய்வூதியம் கடனின் பாற்பட்டது. அது தன் மதிப்புக் குன்றாமல் உரியவர் வாழும் இடத்திற்குச் செல்லவேண்டும். வறுமை கருதியும் உள்ளூர் வாழ்வு கருதியும் அளிக்கப்படுபவை ஈகை, ஒப்புரவு ஆகியவற்றின் பாற்பட்டவை. அவற்றை எல்லைக்குள் நிறுத்துவதில் அநீதி இல்லை. குடியேறிய முதியவர் தம் புதிய ஊரின் ஒப்புரவுக்கும் உட்பட்டவர். அவ்வூரின் வரியிலும் மருத்துவச் சுமையிலும் தம் பங்கை ஏற்றல் அவர் கடமை.

இம்முடிவுகளுள் ஓர் இடர்ப்பாடு எஞ்சுகிறது. உயர்வுக்கான பொருளைத் தரவேண்டியவர், வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் போராடும் இன்றைய உழைப்பாளர். அவர்மேல் மேலும் சுமை ஏற்றுவது எளிதன்று. ஆயினும் அவரும் ஒருநாள் முதியவராவார். அவருடைய பிள்ளைகளும் எந்நாட்டில் வாழ்வர் என்பது இன்று எவர்க்கும் தெரியாது. தலைமுறைகளுக்கிடையிலான வாக்கு முறிக்கப்படுவதைக் கண்டு வளர்ந்தவர், தமக்கு அளிக்கப்படும் அதே வாக்கை எந்த நம்பிக்கையில் ஏற்பார் என்பதே அரசுகள் எண்ணிப் பார்க்கவேண்டியதாகும்.